‘கீழடி சமையல் செட்’ வாங்கலாமா? ஒரு மெஸ்காரியின் மதிப்பீடு

அவசரக்காரர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில், மானாமதுரைக்குக் கொஞ்சம் முன்னால், போர்டு எதுவும் இல்லாத ஒரு தகரக் கொட்டகையில் மண்பாண்டம் விற்கிறார்கள். அங்கே மீன் சட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கறுப்புச் சிவப்புக் கிண்ணத்தைப் பார்த்து வாங்கலாம். ‘கீழடி சமையல் செட்’ என்று அட்டையில் எழுதிவைத்து, பளபளவென்று மூன்று சட்டியை அடுக்கிக் கொடுக்கிறார்களே, அதை மட்டும் வாங்காதீர்கள்.

நான் தொல்லியலில் எம்.ஏ. படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அத்தை நடத்திக்கொண்டிருந்த மெஸ் என் தலையில் விழுந்தது, இன்றுவரை இறங்கவில்லை. அதனால் ஒரு பானை ஓட்டைக் கையில் எடுத்தால் ‘இந்த விளிம்பு எந்தக் காலம்’ என்று ஒரு பக்கமும், ‘இதில் புளிக்குழம்பு வைத்தால் அடிபிடிக்குமா’ என்று இன்னொரு பக்கமும் யோசனை ஓடும். இந்த மதிப்பீடும் அப்படித்தான் இரண்டு பக்கமும் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செட்டை எடுத்துக்கொள்வோம். 1,200 ரூபாய். மூன்றும் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, விளிம்பில் கறுப்புப் பட்டை. ஆதிச்சநல்லூர், கொடுமணல், பொருந்தல், கீழடி என்று தமிழ்நாட்டில் எங்கே தோண்டினாலும் கிடைக்கும் கறுப்புச் சிவப்பு மண்கலத்தின் சாயல்தான். அந்த நிறம் பெயின்ட் அடித்து வருவதில்லை, சூளையில் வருகிறது. கலத்தைக் கவிழ்த்துவைத்து, உள்ளே இலைதழை, உமி மாதிரி ஏதாவது திணித்துச் சுட்டிருப்பார்கள் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். உள்பக்கத்துக்கும் மண்ணில் பதிந்திருக்கும் விளிம்புக்கும் காற்று போகாது, புகைக்கரி மண்ணுக்குள் ஏறிக் கறுக்கும். வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவக்கும். சுடுவதற்கு முன்பு வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். எனவே நல்ல கலத்தில் கறுப்பும் சிவப்பும் சந்திக்கிற இடத்தில் கத்தரித்த மாதிரி கோடு இருக்காது. சாம்பலாக, பழுப்பாகக் கலங்கி மாறும்.

இந்த செட்டில் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது. பையில் நகப்பாலிஷ் அழிக்கிற திரவம் இருந்தது, பஞ்சில் நனைத்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தேன். பஞ்சு கறுத்துவிட்டது. பெயின்ட். கடைப் பையன் கொஞ்சம் நெளிந்தான். “எல்லாரும் இப்படி ஷைனிங்கா இருந்தாத்தான் எடுக்குறாங்கக்கா” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை, அதற்காகப் பெயின்ட் அடித்த சட்டியில் குழம்பு வைக்க முடியுமா?

பெயின்ட் இல்லாமல் அசல் புகைக்கறுப்பாகவே இருந்திருந்தாலும் ‘சமையல் செட்’ என்ற பெயர் தப்பு. தமிழ்நாட்டுக் கறுப்புச் சிவப்புக் கலங்களில் மிகுதி கிண்ணமும் வட்டிலும்தான். நன்றாக அரித்தெடுத்த மண், மெல்லிய சுவர், மெருகு. பரிமாறவும் சாப்பிடவும் செய்தவை. ஈமக்காட்டில் செத்தவருக்குப் படைக்கவும் அவற்றை வைத்தார்கள். அடுப்பில் ஏறியது சொரசொரப்பான, மணல் கலந்த, மெருகில்லாத சிவப்புச் சட்டி. அருங்காட்சியகத்தில் முழுசாக நிற்கும் கலங்களில் நிறைய ஈமக்காட்டிலிருந்து வந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. புதைத்ததால் உடையாமல் தப்பித்தவை அவை. வீட்டில் புழங்கியது உடைந்து குப்பைமேட்டுக்குப் போனது. அன்றாடச் சமையல் தெரிய வேண்டுமென்றால் அந்தக் குப்பையைத்தான் கிளற வேண்டும். கீழடி அந்த விதத்தில் அதிர்ஷ்டம்: குடியிருப்பு கீழடியில், இடுகாடு பக்கத்திலேயே கொந்தகையில். இரண்டையும் வைத்துப் பார்க்கலாம்.

பெயின்ட் கதை தெரிந்ததும் கொட்டகையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் தானாக எழுந்து வந்தார். “அது வெளியூர்ல இருந்து வர்ற சரக்குமா. நம்ம சூளைக் கிண்ணம் உள்ள இருக்கு, பாக்குறியா?” என்றார். சாக்கைத் தூக்கிக் காட்டினார். ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துப்போகாத, அங்கங்கே மேகம் படர்ந்த மாதிரி இருந்த கிண்ணங்கள். ஒன்று 250 ரூபாய். வாய் உடைந்த ஒன்றை எடுத்து, “ஐயா, இதை உடைச்சுப் பாக்கட்டுமா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அவரே கல்லில் தட்டி உடைத்துக் கொடுத்தார்.

உடைந்த ஓட்டின் பக்கவாட்டைப் பார்ப்பதைப் போலத் திருப்தியான வேலை வேறு இல்லை. உள்பக்கத்திலிருந்து பாதி கனம்வரை கறுப்பு, அப்புறம் ஒரு சாம்பல் நிற இழை, வெளிப்பக்கம் செங்கல் சிவப்பு. மூன்று நிறமும் அரை சென்டிமீட்டருக்குள். சூளையில் காற்று எவ்வளவு நேரம் போனது, எங்கே அடைபட்டது என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். அகழாய்வுக் குழியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்: ஓட்டின் முகத்தைப் பார்க்காதே, வெட்டுவாயைப் பார். கடையில் யாரும் உங்களுக்காக உடைத்துக் காட்டமாட்டார்கள் என்று தயங்காதீர்கள். சூளை வைத்திருப்பவரிடம் உடைசல் எப்போதும் இருக்கும், கேளுங்கள்.

கிண்ணம் நான்கு எடுத்தேன். இதில் தயிர்சாதம் சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது, குளிர்ச்சி நிற்கிறது. ரசம் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் வெளியே வியர்க்கும், மேசைத்துணி நனையும். எண்ணெய்ப் பண்டம் வைத்தால் கறை நிரந்தரம். இவை குறையா என்றால், மண்ணுக்கு இது சுபாவம். அடுப்பில் வைக்கலாமா என்று கேட்டதற்குப் பெரியவர் “வேண்டாம்” என்றார், பையன் “வைக்கலாம்க்கா” என்றான். மெஸ்ஸில் கேஸ் அடுப்பில் ஒன்றை வைத்தேன். தண்ணீர் கொதிக்கும் முன்பே ‘டிக்’ என்று சத்தம், விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழை விரிசல். மண்ணில் மணல் இல்லை. சூட்டில் ஒரு பக்கம் விரியும்போது அதைத் தாங்கிக்கொள்ள இடைவெளி வேண்டாமா? சொரசொரப்பு அதற்குத்தான். எனவே கிண்ணம், கிண்ணமாக மட்டும். ஐந்துக்கு மூன்றரை.

இந்தக் கறுப்பைப் பற்றி ஒரு வாட்ஸப் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைப் பையனும் அதையே ஒப்பித்தான்: கீழடி மக்கள் நானோ தொழில்நுட்பம் வைத்திருந்தார்களாம். விஷயம் என்னவென்றால், 2020இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஒரு ஆய்வு, கீழடி ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள், அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்ணிய கரிக்குழாய்கள், இருப்பதைக் காட்டியது. ஏதோ தாவரச் சாறு பூச்சில் சேர்ந்து, சூளைச் சூட்டில் அப்படி மாறியிருக்கலாம் என்பது விளக்கம். பூச்சு இத்தனை நூற்றாண்டு உதிராமல் நின்றதற்கு அது உதவியிருக்கலாம். அந்தக் குயவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது ‘இந்தச் சாறு சேர்த்தால் நன்றாகக் கறுக்கும்’ என்பது. அந்தக் கைப்பக்குவமே பெரிய சமாசாரம், அதற்கு மேல் நானோ கிரீடம் எதற்கு?

இனி மீன் சட்டி. நான் போனதே இதற்காகத்தான்.

280 ரூபாய்க்கு இரண்டு லிட்டர் பிடிக்கிற சட்டி. உருண்டை அடி. வெளியே தடவினால் உள்ளங்கை தேயும், அவ்வளவு மணல். சட்டியைக் கவிழ்த்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அடியில் சின்னச் சின்னத் தட்டையான பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். கழுத்தும் வாயும் சக்கரத்தில் எழுந்தவை. அதன் பிறகு அடிப்பகுதியை, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைக் கொடுத்து வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி உருட்டியிருக்கிறார்கள். உள்ளே விரலை விட்டால் கழுத்தில் வட்ட வட்டமான சக்கர வரிகள், கீழே போனால் வரி மறைந்து கல் பதிந்த குழிகள். பழைய ஓடுகளிலும் இதே தடயங்களைத்தான் தேடுவோம், எது சக்கரம், எது கை என்று பிரிக்க. திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் தோண்டியபோது கிடைத்த புதிய கற்காலச் சாம்பல் நிறக் கலங்களில் சக்கரத்தின் வேகம் இல்லை, கைவேலைதான் அதிகம். அதே ஊரில் கொள்ளும் பச்சைப்பயறும் கருகிய நிலையில் கிடைத்தன. கொள்ளு வேக எவ்வளவு நேரமாகும் என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கக்கூடிய பானை இல்லாமல் கொள்ளு சாப்பாடாகாது. பயறும் பானையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நான் நினைப்பது அதனால்தான்.

உருண்டை அடியைப் பார்த்துவிட்டு “இது கேஸ்ல நிக்காதே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன இரண்டு பேரைப் பார்த்தேன். ஒரு வளையம் வாங்கி வைத்தால் நிற்கும். அடி தட்டையாக இருந்தால் மூலை வரும், மூலையில் சூடு ஒரே மாதிரி பரவாது, விரிசல் அங்கேதான் முதலில் விழும். உருண்டை அடி மூன்று கல் அடுப்புக்கு என்றே பிறந்தது. மெஸ்ஸின் பின்கட்டில் எங்களுக்கு இன்னமும் விறகடுப்பு உண்டு. இந்தச் சட்டியை அதில் ஏற்றி இறக்கியபோது பக்கமெல்லாம் கரி, நடு அடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கரியில்லாத வெளிர் வட்டம். தீ நேராகப் படுகிற இடத்தில் கரியும் எரிந்துபோகிறது. தோண்டியெடுத்த ஓட்டில் இந்தக் கரி வளையம் எங்கே இருக்கிறது என்பதை வைத்து, அந்தப் பானை தீயின் மேலே உட்கார்ந்ததா, தணலில் பக்கவாட்டில் சாய்ந்திருந்ததா என்றுகூடச் சொல்லலாம். சீனாவின் ஷியான்ரென்டோங் குகையில் கிடைத்த ஓடுகள் சுமார் 20,000 ஆண்டு பழையவை என்று 2012இல் வெளியிட்டார்கள். அவற்றிலும் வெளியே தீப்பட்ட தடம் இருந்தது. விவசாயம் வருவதற்கு ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டு முன்னாலேயே அந்த வேட்டைக்காரர்கள் பானையில் எதையோ வேகவைத்திருக்கிறார்கள்.

புதுச் சட்டியைப் பழக்குவது பற்றிக் கடையில் சரியாகச் சொல்வதில்லை, இது பெரிய குறை. “கழுவிட்டு வைங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், குமிழி நிற்கிறவரை. பிறகு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி மெல்லக் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் கொட்டிவிட்டு நல்லெண்ணெய் தடவி வெயிலில் வையுங்கள். இன்னொரு முறை கழுநீர். கஞ்சியும் எண்ணெயும் துவாரங்களை அடைத்தால்தான் குழம்பு ஒழுகாது. சோப்பு போடவே கூடாது, அதைக் குடித்துவைத்துக்கொண்டு அடுத்த குழம்பில் கக்கும்.

சட்டி குடிக்கிற இந்தக் குணத்தில்தான் தொல்லியலின் பாதி அதிர்ஷ்டம் இருக்கிறது. மீன் சட்டியில் பருப்பு வைத்தால் எங்கள் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால்தான் எல்லா வீட்டிலும் மீன் சட்டி தனி. எத்தனை கழுவினாலும் போகாமல் சுவருக்குள் தங்கிவிட்ட அந்தக் கொழுப்பை ஆய்வகத்தில் ஓட்டைப் பொடித்துக் கரைத்து வெளியே எடுக்கிறார்கள். பிறகு கொழுப்பு அமிலங்களையும் அவற்றிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளையும் (எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்கள்) அளக்கிறார்கள். மாட்டின் இறைச்சிக் கொழுப்பா, அதே மாட்டின் பால் கொழுப்பா என்றுகூடப் பிரிக்க முடிகிறது. ஜப்பானின் ஜோமோன் எனப்படும் பழங்கால வேட்டைச் சமூகத்துப் பானைகள், 11,000 ஆண்டுக்கும் 15,000 ஆண்டுக்கும் இடைப்பட்டவை, இப்படிச் சோதித்ததில் பெரும்பாலும் மீன் மாதிரியான நீர்வாழ் உயிர்களின் கொழுப்பைக் காட்டின. 2013இல் இது வந்தபோது எனக்குத் தோன்றியது: உலகத்தின் மிகப் பழைய மீன் சட்டிகளில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! போலந்தில் சுமார் 7,000 ஆண்டு பழைய, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட கலங்கள் என்னவென்று பல காலம் சண்டை. பால் கொழுப்பு கிடைத்ததும் அது பாலாடைக்கட்டி வடிக்கிற சல்லடை என்று உறுதியானது. நம் பக்கத்திலும் சிந்துவெளிக் காலத்துக் கலங்களில் இந்தச் சோதனை நடந்து, குஜராத்தின் கோடடா பட்லியில் பால் புழக்கம் தெரியவந்திருக்கிறது.

ஹரியானாவின் ஃபர்மானாவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே கிடைத்த ஹரப்பாக் காலத்துச் சமையல் கலத்திலும் எலும்புக்கூட்டின் பல்லிலும் ஒட்டியிருந்த மாவுத் துகள்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது இஞ்சியும் மஞ்சளும் இருந்தன. அடையாளம் சரிதானா என்று பார்க்க ஆய்வாளர்கள் இன்றைய முறையில் சமைத்து, வெந்த துகள் எப்படி உருக்குலைகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 4,000 ஆண்டுக்கு மேல் பழைய சட்டியைப் புரிந்துகொள்ள அடுப்பங்கரைக்குத்தான் வரவேண்டியிருந்தது. இதை எங்கள் அத்தையிடம் சொன்னேன். “இஞ்சி தட்டிப் போட்டாளா, அரைச்சுப் போட்டாளா?” என்றார். நியாயமான கேள்வி, மைக்ராஸ்கோப் அதுவரை போகவில்லை.

மீன் சட்டிக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் வெட்டியது மூடிக்காக. மூடி தனியாக 60 ரூபாய், எந்தச் சட்டிக்கும் சரியாகப் பொருந்தவில்லை. வாங்கும்போதே வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

தண்ணீர்ப் பானையும் எடுத்தேன், 400 ரூபாய். நல்ல பானை, நன்றாகக் குளிர்கிறது, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூடவே தொங்கவிட உறி பின்னி வைத்திருக்கிறார்கள், 150 ரூபாய், தேங்காய் நார்க் கயிறு. அதை மட்டும் விடாமல் வாங்குங்கள். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில், கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உடைந்த சேமிப்புப் பானை ஒன்று கிடைத்தது. அதில் தமிழ்-பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் ‘பானை ஒறி’ என்று எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறது. உறியில் தொங்கிய பானை என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். கப்பலேறிப் போன யாரோ எறும்புக்கும் எலிக்கும் பயந்து பானையைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கலாம். இப்போது எங்கள் மெஸ்ஸில் உறியில் தயிர் தொங்குகிறது. பூனைக்கு எட்டவில்லை.

எழுத்து என்றதும் ஒன்று. கிண்ணங்களில் ‘ஆதன்’ என்ற பழைய ஆள்பெயரைத் தமிழ்-பிராமியில் கீறித் தருகிறார்கள், கூட 50 ரூபாய். ஆனால் அதை ஈரமண்ணில் அச்சு மாதிரி அழகாகப் போட்டுவிட்டுச் சுடுகிறார்கள். கீழடியில் கிடைத்த பெயர் பொறித்த ஓடுகளில் பல, சுட்டு முடித்து விற்ற பிறகு, வாங்கியவர்கள் கூர்மையான எதையோ வைத்துக் கீறியவை. எழுத்து ஏறும், இறங்கும், ஒன்றைப் போல ஒன்று இருக்காது. கல்யாணச் சீர் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொள்கிறோமே, அந்த வேலை. ‘இது என்னுடையது, பந்தியில் மாறிவிடக் கூடாது’ என்ற கவலை. பலருடைய கைகள் எழுதியிருக்கின்றன என்பதுதான் அதில் பெரிய செய்தி. எனவே 50 ரூபாய் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து ஆணியால் உங்கள் பெயரை நீங்களே கீறிக்கொள்ளுங்கள், அதுதான் அசல்.

உடைந்த கிண்ணத்தை நான் தூக்கிப்போடவில்லை. அதன் ஓட்டைக் கல்லில் தேய்த்து வட்டமாக்கி என் பெண்ணிடம் கொடுத்தேன், பாண்டி ஆடுகிறாள். கீழடியில் இப்படித் தேய்த்த வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. பானை உடைந்தாலும் வீட்டில் அதற்கு வேலை இருந்திருக்கிறது. உடையாமல் புதைந்த கலத்துக்கோ வேறு வேலை, தேதி சொல்வது. பொருந்தலில் கல்லறைக்குள் நான்கு கால் ஜாடியில் இரண்டு கிலோ நெல் போட்டு வைத்திருந்தார்களே, அந்த நெல்லைத்தான் பேராசிரியர் கா. ராஜன் குழு காலக் கணிப்புக்கு அனுப்பி கி.மு. 490 என்று பெற்றது. நெல்லும் ஜாடியும் சேர்ந்து கிடைத்ததால் வந்த தேதி அது.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள். பெரியவர் மதியத்துக்குப் பிறகு இருக்கமாட்டார், பையன் பெயின்ட் செட்டைத்தான் நீட்டுவான். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மண் காயாது, சூளை போடமாட்டார்கள், பழைய இருப்புதான் கிடைக்கும். ஒவ்வொன்றையும் சுண்டிப் பாருங்கள், ‘கணீர்’ என்றால் எடுங்கள், ‘டொப்’ என்றால் விடுங்கள். வைக்கோல் சுற்றிக் கட்டித் தருகிறார்கள், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் உடையாது. ஜிபே உண்டு, பில் கிடையாது. பேரம் பேசினால் பையன் குறைப்பான், பெரியவர் குறைக்கமாட்டார்.